படியேறும் உடல், பாடுபடும் உடல்

1

அரூர் வட்டாரத்தில் யாரும் யாருக்கும் சொல்லக்கூடிய பேச்சு ஒன்று உண்டு: "தீர்த்தமலைக்கு ஒரு நடை ஏறி இறங்கிட்டு வா, உடம்பு லேசாயிடும்." மலைமேல் தீர்த்தகிரீசுவரர் கோயில். ராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்கினி என்று ஐந்து தீர்த்தங்கள். பூசைக்கு நீர் கொண்டுவரப்போன அனுமன் தாமதித்ததால் ராமன் அம்பெய்து பாறையிலிருந்து நீரை வரவழைத்தான் என்பது தலக்கதை. தாமதமாக வந்துசேர்ந்த நீர் விழுந்த இடம் என்று தென்பெண்ணைக் கரையில் அனுமந்ததீர்த்தத்தைக் காட்டுகிறார்கள். அருணகிரிநாதர் பாடிய தலம். மூலிகை வேர்களைத் தொட்டு வருகிற நீர், வயிற்று உபாதை தொடங்கிப் பல நோய்களுக்கும் மருந்து என்பது ஊர் நம்பிக்கை.

ஏறி இறங்கியவருக்கு உடம்பு லேசாவது உண்மைதான். அந்தப் பலனை யார் கணக்கில் எழுதுவது என்பதில்தான் தகராறு. பக்தி அதைச் சாமி கணக்கில் எழுதுகிறது. பகுத்தறிவுத் தோழர்கள் தசையின் கணக்கில் எழுதுகிறார்கள்: மலை ஏறினால் மூச்சு வாங்கும், வேர்க்கும், பசிக்கும், ராத்திரி நல்ல தூக்கம் வரும், இதில் தீர்த்தத்துக்கு என்ன வேலை? இரண்டு கணக்கிலும் ஒரு வரவு விடுபட்டுப்போகிறது. ஏறுகிறவர் தன் ஏற்றத்திடம் என்ன எதிர்பார்த்து ஏறினார் என்பதும், அந்த எதிர்பார்ப்பு தன்னளவில் அவர் உடம்பில் என்ன செய்தது என்பதும்தான் அந்த வரவு.

இது பக்தர்களின் பாடு, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. உழைக்கிற உடலைப் பற்றி நாம் எழுதும் கதை, கவிதை, துண்டறிக்கை அத்தனையிலும் இந்த விடுபடல் இருக்கிறது. நம் எழுத்தில் உழைப்பாளியின் உடல் ஒன்று உருண்டு திரண்ட புஜங்களோடு நிமிர்ந்து நிற்கும், அல்லது எலும்பும் தோலுமாக நொந்து கிடக்கும். அந்த உடல் தன்னைப் பற்றி என்ன நம்புகிறது, அந்த நம்பிக்கையை அதற்கு யார் கொடுத்தது என்று நாம் கேட்டதில்லை.

2

'பிளாசிபோ' என்பதற்குத் தமிழில் 'மருந்துப்போலி' என்று பெயர் வைத்திருக்கிறோம். பெயரிலேயே தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. இலத்தீனில் அந்தச் சொல்லுக்கு 'நான் மகிழ்விப்பேன்' என்று பொருள். இறந்தவருக்கான மாலை வழிபாடு இச்சொல்லோடுதான் தொடங்கும். சாவு வீட்டில் கிடைக்கும் சோற்றுக்காக வந்து அதைப் பாடியவர்களை இடைக்கால ஐரோப்பாவில் 'பிளாசிபோ பாடுகிறவர்கள்' என்று ஏளனம் செய்தார்கள். நம் பேச்சில் இதற்கு அச்சு அசலான சொல் இருக்கிறது: கூலிக்கு மாரடிக்கிறவர். அந்த ஏளனத்தோடேயேதான் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் மருத்துவ அகராதிக்குள் போனது. நோயாளியைத் திருப்திப்படுத்த மட்டும் கொடுக்கிற மருந்து என்பது அங்கே அதன் பொருள்.

ஆனால் ஏளனம் ஒன்றை மறந்துவிடுகிறது. கூலிக்கு அடித்தாலும் மார் வலிக்கத்தான் செய்யும். அழுகை போலியாக இருக்கலாம், அடி போலி இல்லை.

இதை உடலியலும் ஒப்புக்கொண்டு வெகுநாளாகிறது. 1978இல் லெவைன், கோர்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் பல் பிடுங்கப்பட்டவர்களிடம் ஒரு பரிசோதனை செய்தார்கள். மருந்துப்போலியால் வலி தணிந்தவர்களுக்கு, உடலே சுரக்கும் அபின் போன்ற பொருள்களைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தபோது வலி திரும்பியது. அதாவது 'வெறும் மனப்பிரமை' என்று நாம் தள்ளுகிற இடத்தில் இரசாயனம் நடந்துகொண்டிருந்தது. 1972இல் ஏரியல், சாவில் என்ற இருவர் பளுதூக்குகிற இளைஞர்களிடம் ஸ்டீராய்டு தருவதாகச் சொல்லி வெற்று மாத்திரை கொடுத்தார்கள். பையன்கள் முன்பைவிட அதிக எடை தூக்கினார்கள்.

உடற்பயிற்சியின் பலனில் எதிர்பார்ப்பின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துக் காட்டியது 1993இல் கனடாவில் டெஷார்னேயும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு. 48 இளைஞர்கள், 10 வாரம், இரண்டு குழுவுக்கும் ஒரே பயிற்சி. ஒரு குழுவிடம் மட்டும், இது உங்கள் மனநலத்தையும் மேம்படுத்தும் என்று அழுத்திச் சொல்லப்பட்டது. முடிவில் இதய, நுரையீரல் திறன் இரு குழுவுக்கும் ஒரே மாதிரி கூடியிருந்தது. தன்மதிப்பு கூடியது சொல்லப்பட்ட குழுவுக்குத்தான். 2015இல் இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், உடற்பயிற்சியால் வரும் மனநலப் பலனில் ஏறக்குறையப் பாதி எதிர்பார்ப்பின் பங்காக இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள்.

இதை வைத்துத் தீர்த்தமலைக் கணக்கைத் திருத்தி எழுதலாம். நாத்திகன் ஏறினாலும் பக்தை ஏறினாலும் இதயத்துக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிடும். மனசு லேசாவதில் பெரிய பங்கு, ஏறுவதற்கு முன்பே அவரவர் மடியில் முடிந்து கொண்டுவந்த எதிர்பார்ப்புக்குரியது. தமிழில் இதற்குப் போலி என்ற இழிவு ஒட்டாத பெயர் ஏற்கனவே இருக்கிறது: வேண்டுதல். பனாமாவின் கூனா மக்களிடையே கடினமான பேற்றின்போது பாடப்படும் மந்திரப்பாட்டை வைத்து லெவிஸ்ட்ராஸ் 1949இல் எழுதியது இதைத்தான். சொல்ல முடியாத வலிக்கு ஒரு மொழி கிடைக்கும்போது உடல் அந்த மொழிக்குக் கட்டுப்பட்டு நகர்கிறது. குறியீடு வேலை செய்கிறது. ஆனால் தனியாக அல்ல. பாடுகிறவர், கேட்கிறவர், அதை நம்புகிற ஊர் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான்.

இந்த மூன்றாவதைத்தான் இன்றைய 'எண்ணம் போல் வாழ்வு' வியாபாரிகள் வெட்டி எறிகிறார்கள். நம்பிக்கையைத் தனிமனிதன் மண்டைக்குள் இருக்கும் ஒரு ஸ்விட்ச்சாக ஆக்கிவிடுகிறார்கள். போட்டால் எரியும், எரியாவிட்டால் நீ சரியாகப் போடவில்லை என்று பழி. எதிர்பார்ப்பு என்பது மண்டைக்குள் விளைவதில்லை. அது ஒரு சமூகம் தன் உறுப்பினர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிற ஒன்று. எல்லாப் பங்கீட்டையும் போல இதிலும் ஏற்றத்தாழ்வு உண்டு.

3

இங்கே ஒரு பிரதியை நெருக்கமாக வாசிக்க வேண்டும். ஆலியா கிரம், எலன் லாங்கர் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. அமெரிக்காவில் 7 ஓட்டல்கள், அறை சுத்தம் செய்யும் 84 பெண்கள். ஆளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 15 அறை. விரிப்பு மாற்றுவது, குளியலறை தேய்ப்பது, தரை சுத்தம் செய்வது, வண்டி தள்ளுவது. இவர்களிடம் நீங்கள் உடற்பயிற்சி செய்வதுண்டா என்று கேட்டபோது மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஒழுங்காகச் செய்வதில்லை என்றார்கள். மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோர் அறவே இல்லை என்றார்கள்.

நான்கு ஓட்டல்களின் பெண்களிடம் மட்டும் ஒரு செய்தி சொல்லப்பட்டது: உங்கள் வேலையே நல்ல உடற்பயிற்சிதான், மருத்துவர்கள் பரிந்துரைக்கும் அளவு அதிலேயே நிறைவேறுகிறது. விரிப்பு மாற்றினால் இத்தனை கலோரி, குளியலறை கழுவினால் இத்தனை கலோரி என்று சுவரொட்டியும் மாட்டினார்கள். நான்கு வாரம் கழித்து அவர்களுடைய எடை ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்திருந்தது. இரத்த அழுத்தத்தின் மேல் எண் 10 புள்ளி இறங்கியிருந்தது. செய்தி சொல்லப்படாத மூன்று ஓட்டல்களில் அப்படி மாற்றமில்லை. வேலையில் மாற்றமில்லை, பெயரில்தான் மாற்றம் என்பது ஆய்வாளர்களின் வாசிப்பு.

இதில் இடைவெளிகள் இருக்கின்றன. வேலையின் அளவு மாறவில்லை என்பதற்குச் சாட்சி அந்தப் பெண்கள் தாமே சொன்னதுதான், கருவி கட்டி அளக்கவில்லை. செய்தியைக் கேட்டபின் அவர்கள் சற்று வேகமாகத் தேய்த்திருக்கலாம், ஒரு வாய் குறைத்துச் சாப்பிட்டிருக்கலாம். 2011இல் வேறு ஆய்வாளர்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டடப் பராமரிப்புப் பணியாளர்களிடம் இதைப் போலவே செய்து பார்த்தபோது அந்த உடல் மாற்றங்கள் கிடைக்கவில்லை. ஆகவே இந்த ஒரு ஆய்வை வேதவாக்காகத் தூக்கிக்கொண்டு ஆட வேண்டியதில்லை.

ஆனால் ஆய்வின் முடிவைவிட அதன் தொடக்கமே எனக்கு முக்கியம். நாளெல்லாம் குனிந்து நிமிர்கிற பெண், நான் உடற்பயிற்சி செய்வதில்லை என்கிறாள். இதை அறியாமை என்று சொல்லிவிட முடியுமா? அவளுக்கு மொழி கற்றுக்கொடுத்திருக்கிற உண்மை அது. நம் மொழியும் அதையேதான் கற்றுக்கொடுத்திருக்கிறது. தேகப்பயிற்சி, தண்டால், பஸ்கி, கசரத்து என்பன ஒரு வரிசை. வேலை, கூலி, பாடு என்பன இன்னொரு வரிசை. நாற்று நடுகிற பெண் ஒரு பொழுதில் எத்தனை முறை குனிகிறாள், அதை யாரும் பஸ்கிக் கணக்கில் எண்ணியதில்லை. 'பாடு' என்ற சொல் உழைப்பையும் துன்பத்தையும் ஒன்றாகவே குறிக்கிறது. பாடுபட்டேன் என்றால் உழைத்தேன் என்றும் பொருள், கஷ்டப்பட்டேன் என்றும் பொருள். பயிற்சியில் உடல் எதையோ சேர்த்துக்கொள்கிறது. பாட்டில் உடல் எதையோ இழக்கிறது. இந்த எதிர்பார்ப்புகள் சொல்லிலேயே ஊறிக்கிடக்கின்றன.

சரி, அப்படியானால் சொல்லை மாற்றிவிடலாமா? நாற்றுநடவையும் உடற்பயிற்சி என்று சொல்லிவிட்டால் பலன் வந்துவிடுமா? இந்த ஆய்வை ஆவலோடு வரவேற்கக்கூடியவர்கள் யாரென்று யோசித்துப் பாருங்கள். கூலி ஏற்ற வேண்டாம், அறைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டாம், ஒரு சுவரொட்டி போதும் என்றால் எந்த முதலாளிக்குக் கசக்கும்? "உழைச்ச உடம்புக்கு ஒண்ணும் வராது" என்று களத்துமேட்டில் நின்றுகொண்டு சொன்ன மிராசுதாரரின் வாசகம்தான் இங்கே கலோரிக் கணக்கோடு திரும்பி வருகிறது.

4

தீர்த்தமலைப் படிகளுக்குத் திரும்பினால் இது இன்னும் துலக்கமாகும். மேலே ஒரு கோயில் நடக்க வேண்டுமென்றால் அரிசியும் எண்ணெயும் பூசைச் சாமானும் மேலே போய்ச் சேர வேண்டும். கட்டட வேலை நடந்தால் மணலும் சிமெண்டும் போக வேண்டும். சுமையோடு ஏறுகிறவர்களுக்கு நான் பலமுறை ஒதுங்கி வழிவிட்டிருக்கிறேன். படி ஒன்றுதான், சரிவு ஒன்றுதான். ஏறுகிற உடல் இரண்டு. வேண்டுதலோடு ஏறுகிறவர் மூச்சு வாங்கினால் நிற்பார், நிழல் பார்த்து உட்காருவார், குரங்குக்குப் பொரி போடுவார். வேண்டுமென்றால் பாதியில் திரும்பவும் செய்வார். சுமையோடு ஏறுகிறவர் நடையை அவர் மூச்சு தீர்மானிப்பதில்லை, நடைக்கு இத்தனை என்று பேசிய கூலி தீர்மானிக்கிறது. இறங்கியதும் மறுபடி ஏற வேண்டும். நாளைக்கும் ஏற வேண்டும்.

படியேறுவது இதயத்துக்கு நல்லது என்ற நவீன அறிவின் தோற்றுவாயிலேயே ஒரு தொழிலாளி இருக்கிறார். ஜெரமி மோரிஸும் சகாக்களும் 1953இல் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார்கள். உட்கார்ந்தே ஓட்டுகிறவர்களைவிட, நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குகிற நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. உடற்பயிற்சி அறிவியலே வேலையிலிருந்துதான் பிறந்தது. பிறகு வேலையை விட்டுவிட்டுப் பூங்காவுக்கும் ஜிம்முக்கும் குடிபோய்விட்டது.

ஆனால் வேலை செய்கிற உடல்கள் எல்லாம் அந்த நடத்துநர் உடல் அல்ல. 2021இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வு 1,04,046 பேரை ஏறக்குறைய 10 ஆண்டுகள் தொடர்ந்தது. ஓய்வு நேரத்தில் உடலை அசைத்தவர்களுக்கு இதயநோயும் இறப்பும் குறைந்தன. வேலையில் மிகக் கடுமையாக உடலை வருத்தியவர்களுக்கோ, உடலுழைப்புக் குறைந்த வேலையில் இருந்தவர்களைவிடப் பெரிய இதயநோய்த் தாக்குதல் 35 சதவீதமும் இறப்பு 27 சதவீதமும் கூடுதல். வாழ்க்கைமுறை, படிப்பு, வருமானம் போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் இந்தப் போக்கு நின்றது. முழு விளக்கம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஆயினும் சொல்லப்படும் காரணங்கள் நமக்குப் புதியவை அல்ல: நீண்ட மணிநேரம், ஒரே தசைமேல் விழும் சுமை, நாள் முழுக்க இறங்காத இரத்த அழுத்தம், தேறிக்கொள்ள நேரமின்மை, எப்போது நிறுத்துவது என்ற தீர்மானம் தன் கையில் இல்லாமை.

ஆக உடலுக்குப் பலன் தருவது அசைவு மட்டுமல்ல. அசைவைத் தொடர்ந்து வரும் ஓய்வும், அசைவின்மேல் அசைகிறவருக்கு இருக்கும் அதிகாரமும் சேர்ந்துதான். பெயரை மட்டும் மாற்றி இவ்விரண்டையும் கொடுக்காமல் விடுவதற்குத்தான் உண்மையில் 'போலி' என்று பெயர். மாத்திரை போலியல்ல, சுவரொட்டிதான் போலி.

5

எதிர்பார்ப்பு பங்கிடப்படுவது என்றேன். அதற்கு வரலாறு உண்டு. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவைச் சட்டம் முழுமையாக உறுதிசெய்தது 1947இல்தான். அதற்கு முன்னால் தலித்துகளுக்கு ஒரு மலைக்கோயிலின் படி என்பது என்ன? ஏறினால் நோய் தீரும் என்ற எதிர்பார்ப்பை வைத்துக்கொள்ள, ஏறலாம் என்ற அனுமதி முதலில் வேண்டும். நம்புவதற்கும் உரிமை வேண்டியிருந்தது. வேண்டுதலைத் தனிமனிதரின் மனநிலை என்று எழுதுகிற உளவியல் இந்த வாசற்கதவைப் பார்ப்பதே இல்லை.

எதிர்மறையாகவும் சொல் உடலில் இறங்கும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஓட்டத்துக்கு ஏற்ற மரபணு உங்களுக்கு இல்லை என்று சிலரிடம் சொன்னார்கள். அவர்களுக்கு உண்மையில் எந்த வகை மரபணு இருந்தது என்பது வேறு விஷயம். ஆனால் அப்படிச் சொல்லப்பட்டவர்கள் ஓடுபொறியில் முன்னைவிடச் சீக்கிரம் களைத்தார்கள். இது நமக்கு அதிசயமா என்ன? பிறப்பை வைத்து 'உனக்கு இது ஏலாது, உனக்கு இதுதான் ஏலும்' என்று சொல்லிச் சொல்லியே உடல்களைத் தயாரித்த அமைப்புக்குள்தானே இருக்கிறோம்? ஆய்வகத்தில் ஒரு காகிதம் செய்த வேலையை இங்கே சாதி தலைமுறைக் கணக்கில் செய்திருக்கிறது.

நூறுநாள் வேலை வந்த காலத்தில் "வேலையே செய்யறதில்ல, மரத்தடியில உக்காந்துட்டுக் காசு வாங்கறாங்க, சோம்பேறி ஆயிட்டாங்க" என்று பஸ்ஸிலும் டீக்கடையிலும் ஓயாமல் பேசினார்கள். கிராமத்துப் பெண்ணின் அசைவு வேலையாகவும் எண்ணப்படவில்லை, பயிற்சியாகவும் எண்ணப்படவில்லை. ஸாஹர்ட், கிரம் இருவரும் 2017இல் 61,141 அமெரிக்கர்களின் தரவுகளை வைத்து எழுதியதை இதன் பக்கத்தில் வைக்கலாம். செய்கிற உடலுழைப்பு ஒரே அளவாக இருந்தபோதும், மற்றவர்களைவிட நான் குறைவாகத்தான் அசைகிறேன் என்று நினைத்தவர்கள் அடுத்து வந்த ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு 71 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. நினைப்பே கொன்றது என்று இது நிரூபித்துவிடவில்லை. ஏற்கனவே நலிந்தவர்கள் அப்படி நினைத்திருக்கலாம். என்றாலும் ஒரு வர்க்கத்தையே சோம்பேறி என்று திரும்பத் திரும்பச் சொல்வது வெறும் வம்பு அல்ல, உடல்மேல் நடக்கிற காரியம் என்று சந்தேகப்பட இது போதும்.

இன்னொரு பக்கம் அரசு நடக்கக் கற்றுக்கொடுக்கிறது. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் அறிவிக்கப்பட்டன. நல்லதுதான், நீரிழிவும் இரத்த அழுத்தமும் கிராமம்வரை வந்துவிட்ட காலம். ஆனால் நடையின் எந்த வடிவம் அரசின் பலகையில் இடம்பெறுகிறது, எந்த வடிவம் இடம்பெறாது என்பதைக் கவனிக்க வேண்டும். 10,000 அடி என்ற புகழ்பெற்ற இலக்கம்கூட மருத்துவத்திலிருந்து வந்ததல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு மறுவருடம், 1965இல், ஜப்பானிய நிறுவனமொன்று விற்ற அடிமானியின் பெயர் அது. ஒரு வியாபாரப் பெயர் உலகம் முழுக்க மந்திரமாகிவிட்டது. அதை எண்ணுகிற கைக்கடிகாரத்துக்கு வேலை, பயிற்சி என்ற பேதம் தெரியாது. அதைக் கட்டியிருக்கிறவருக்குத் தெரியும்.

6

எதிர்பார்ப்பின் ஆற்றலைப் பேசிவிட்டு அதன் எல்லையைப் பேசாமல் விட்டால் நானும் அந்த வியாபாரிகளோடு சேர்ந்துவிடுவேன். எல்லை தர்மபுரியிலேயே இருக்கிறது, நிலத்துக்கு அடியில். மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதலில் பல் கறை பிடிக்கும், பிறகு எலும்பும் மூட்டும் இறுகும். குனிய முடியாது, கழுத்தைத் திருப்ப முடியாது. இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்டு, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது.

ஒரே மாவட்டத்தில் ஒரு நீர் நோய் தீர்க்கும் என்று நம்பப்படுகிறது. இன்னொரு நீர், யாரும் எதையும் நம்பாமலே, எலும்பை இறுக்குகிறது. எதிர்பார்ப்பு வலியை மாற்றும், களைப்பை மாற்றும், தன்மதிப்பை மாற்றும். ஃபுளோரைடை மாற்றாது. வேண்டிக்கொண்டு ஏறுவதற்கு மூட்டு மடங்க வேண்டும், மூட்டு மடங்குவதற்குக் குழாயில் நல்ல தண்ணீர் வர வேண்டும். வேண்டுதலுக்கு முன்னால் கோரிக்கை இருக்கிறது.

அதனால் பக்தையைப் பார்த்து 'மூடநம்பிக்கை' என்று சிரிப்பதும் வேண்டாம், 'நம்பிக்கையே மருந்து' என்று மெய்சிலிர்ப்பதும் வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு அசைவிலிருந்து நன்மையை எதிர்பார்க்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? சுமைக்காரருக்கும் நடவுப்பெண்ணுக்கும் ஓட்டல் அறை துடைப்பவருக்கும் அந்த உரிமை மறுக்கப்பட்டிருக்கிறது. முதலாவதாக மொழியில்: அவர்கள் திறமையும் உடற்கலையும் பாடு என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டுவிட்டன. இரண்டாவதாக நேரத்தில்: உடல் தேறிக்கொள்ள வேண்டிய மணிநேரம் கூலியாக உறிஞ்சப்பட்டுவிட்டது. முதலாவதை மட்டும் திருப்பிக் கொடுத்தால் அது முதலாளியின் சுவரொட்டி. இரண்டாவதை மட்டும் கேட்டால், உழைப்பு வெறும் துன்பம் என்ற பழைய வாசகத்தையே நாமும் ஒப்பிக்கிறோம்.

இரண்டையும் சேர்த்துக் கேட்க ஒரு மொழி வேண்டும். நம் சங்கத் துண்டறிக்கைகள் இதுவரை கூலியின் மொழியில் மட்டுமே பேசியிருக்கின்றன, நம் கவிதைகள் வேர்வையின் மொழியில். சுமை இத்தனை கிலோவுக்கு மேல் கூடாது, ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவே இத்தனை நேரம் உட்கார வேண்டும், நாங்கள் ஏறுகிற ஏற்றத்தில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று சுமக்கிறவர் பேசுகிற வாக்கியம் இன்னும் எழுதப்படவில்லை. எழுதப்பட்டால் அதைச் சொல்லுகிற வாய்க்கும் சுமக்கிற முதுகுக்கும் அது ஏதாவது செய்யும். சொல் உடலில் இறங்கும் என்பதற்குத்தான் இத்தனை சாட்சிகள் கிடைத்திருக்கின்றனவே.